காற்றும் கரண்டும்

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வருவதென்றால் வீட்டில் நெருப்பு இருக்கக் கூடாது. நுரையீரல் பிரிவிலிருந்து வந்த நர்ஸ் இதைச் சொன்னபோது பழனிவேல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் காலடியில், சின்னச் சக்கரங்களின் மேல், அவருடைய கேஸ் ஹீட்டர் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

நியூஸிலாந்தில், ஆக்லாந்தின் கிளென் ஈடனில் சரிவின் மேல் நிற்கும் அந்த மர வீட்டுக்கு ஈரம் கூடவே பிறந்தது. ஜூன் வந்துவிட்டால் காலையில் ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழியும். திரைச்சீலைக்குப் பின்னால் கரும்பூஞ்சை ஏறும். மலேசியாவிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில் அந்த ஹீட்டரை வாங்கி வந்து, சிலிண்டரை மாட்டி, தீக்குச்சி கிழித்து எரியவிட்டவர் பழனிவேல்தான். மகள் சுரேகா அதன் முன்னால் உட்கார்ந்துதான் பாடம் படித்தாள். அது விடும் புகையும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே தங்கி நுரையீரலைக் கெடுக்கும் என்று நர்ஸ் இப்போது சொன்னாள். அப்படிப் பார்த்தால் அவருடைய நுரையீரலைக் கெடுக்காதது எது? சிறு வயதில் மலேசியாவின் தைப்பிங் பஸ் பட்டறையில் தொடங்கியவர், இங்கே ஹெண்டர்சன் ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெறும்வரை பிரேக் தூசியையும் டீசல் புகையையும்தான் மூச்சாக இழுத்தார். இப்போது நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. அதைத் திருப்ப மருந்து கிடையாது. இறுகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

நர்ஸ் சமையலறைக்குப் போனாள். அங்கேயும் கேஸ் அடுப்பு. அதுவும் ஆகாது என்றாள். சாமி அலமாரியில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றாள். பழனிவேலின் மனைவி பங்கஜம் அவளுக்குச் சிரமம் வைக்காமல் தானே, "அதையும் எடுத்துடறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பங்கஜம் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த எத்தனையோ பேருக்கு முகம் துடைத்துவிட்டிருக்கிறாள். நர்ஸ் என்ன சொல்ல வருகிறாள் என்பது அவளுக்கு முன்பே தெரியும். நர்ஸின் கார் சரிவில் இறங்கி மறைந்த பிறகு விளக்கைக் குளிர வைத்து, எண்ணெய் போகத் துடைத்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கை ஓடவில்லை.

மற்ற ஏற்பாடுகளையெல்லாம் சுரேகா கிறைஸ்ட்சர்ச்சில் இருந்தபடியே செய்தாள். அவள் அங்கே மருந்தாளுநர். எதையும் தள்ளிப்போடும் பழக்கம் அவளிடம் இல்லை. கூடத்தில் ஒரு ஹீட் பம்ப், படுக்கையறையில் ஒன்று. பார்ப்பதற்கு ஏசி போலவே சுவரில் உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே விடும். அடுப்பு மின்சார அடுப்பாக மாறியது. மாட்ட வந்தவர்கள் சுவரில் ஓட்டை போட்டபோது பழனிவேல் மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணிக்கும் குறை சொன்னார்.

"வெளி மெஷின் ஆடுது பாரு. ரப்பர் வெக்கலே அவன்."

"வெச்சிருக்காங்க."

"எங்க வெச்சான்? நான் பாக்கலே."

முதல் வாரத்திலேயே வீடு காய்ந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிவது நின்றது. பங்கஜம் சுவர்களைக் கழுவித் துடைத்தபின் பூஞ்சை திரும்பி வரவில்லை. காலையில் சாக்ஸ் போடாமல் கட்டிலைவிட்டு இறங்கி நடந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புருஷன் மூச்சுக்குத் தவிக்கும் வீட்டில் கால் குளிரவில்லை என்று சந்தோஷப்படுகிறோமே என்று உடனே வெட்கமும் வந்தது. இத்தனை வருடம் ஏன் குளிரில் கிடந்தோம் என்று யோசித்தால் கோபம் வரும். அதை அவள் யோசிக்காமல் விட்டாள்.

கார் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கராஜ் படுக்கையறைக்கு நேர் கீழே. பழனிவேலின் டீசல் வேனை அவள் காலையில் வேலைக்குக் கிளப்பும்போதெல்லாம் புகை பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி, அவர் இருமிக்கொண்டே விழித்துக்கொள்வார். தெருவில் நிறுத்திப் பார்த்தாள். சரிவில் மழையில் நனைந்தபடி அவரை அதுவரை நடத்திக்கொண்டு போக முடியவில்லை. பேட்டரியில் ஓடும் கார் வாங்கலாம் என்றாள் சுரேகா. ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கழித்த சின்ன வெள்ளைக் கார் ஒன்று கப்பலில் வந்து வெஸ்ட்கேட் பக்கத்தில் ஓர் ஏஜென்டிடம் நின்றது. உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் பெண் குரல் ஒன்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அதை மாற்ற யாருக்கும் தெரியவில்லை.

பழைய வண்டிகளை வாங்கி உடைக்கும் யார்டிலிருந்து வேனை எடுக்க ஆள் வந்த அன்று பழனிவேல் ஜன்னலுக்கே வரவில்லை. வேன் போன பிறகு கேட்டார்:

"ஒரே தடவைலே ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு."

"ஆகும். ஆகாம?"

புதுக் காரை அவர் ஓட்டவேயில்லை. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "எஞ்சின் இல்லாத காடி ஒரு காடியா?" என்பார். ஆனாலும் பழக்கம் விடுமா? எந்த மேட்டில் சார்ஜ் அதிகம் போகிறது, பள்ளத்தில் எவ்வளவு திரும்ப ஏறுகிறது, வைப்பர் போட்டால் என்ன ஆகிறது என்று கண் மட்டும் டாஷ்போர்டைவிட்டு நகராது. முன்பு ஓட்டியவன் பேட்டரியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். முழுதாக ஏற்றினாலும் மனுகாவ் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கிவிடும் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

வீடு காய்ந்தும் புகை போயும் நோய் நிற்கவில்லை. கோடை நடுவில் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பொது வார்டு. எதிர்க் கட்டிலில் இருந்த கிழவர் ஒருவர் திரைக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க மூச்சுக்கு இழுத்து இழுத்து, சாயங்காலம் நின்றுபோனார். அவருடைய மகன் வந்து சேரவில்லை. பழனிவேல் அந்தத் திரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். வீட்டுக்கு வந்த அன்று பங்கஜம் அவர் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"இன்னொரு தடவை என்னை அங்க கொண்டு போய் விடாதே."

"சும்மா இருங்க."

"சொல்லு. விட மாட்டேன்னு சொல்லு."

"சரி, விட மாட்டேன்."

வேலையில் இப்படி எத்தனையோ கிழவர்களுக்கு அவள் சரி சொல்லியிருக்கிறாள். கேட்டவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொல்வதுதான். இவருக்கும் அப்படித்தான் சொன்னாள். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்று அடித்தது. ஆக்லாந்துக்குக் காற்று புதிதில்லை. இது வேறு மாதிரி இருந்தது. கூரைத் தகரம் விடாமல் படபடத்தது. எதிர்வீட்டு வேலி பலகை பலகையாகப் பிய்ந்து தெருவில் ஓடியது. பங்கஜம் இரவு உணவுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் நீலமாக ஒரு வெளிச்சம் வெட்டியது. வீடு இருண்டது. ஹீட் பம்ப் மூச்சை விட்டது. அதன் பின்னால் படுக்கையறையிலிருந்து ஆக்சிஜன் மெஷின் வீறிட்டுக் கத்தத் தொடங்கியது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று நர்ஸ் சொல்லித்தான் வைத்திருந்தாள். பங்கஜம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மூலையிலிருந்த பெரிய சிலிண்டருக்குக் குழாயை மாற்றினாள். வெளியே போகும்போது தோளில் மாட்டும் சின்ன சிலிண்டரில் பாதிக்குக் கீழேதான் இருந்தது.

"இப்பவே ஹாஸ்பிடல் போயிரலாம்ங்க."

"இந்தக் காத்துலயா? மரம் விழுந்து ரெண்டு பேரும் சேர்ந்து போறதுக்கா? சிலிண்டர் காலை வரைக்கும் தாங்கும் லா. அதுக்குள்ள கரண்ட் வந்துரும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கீழே தெருமுனையில் பெரிய மக்ரோகார்ப்பா மரம் ஒன்று கம்பிகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது என்பது காலையில்தான் தெரிந்தது. கிளம்பியிருந்தாலும் போயிருக்க முடியாது. மின்சாரக் கம்பெனியில் இப்படி மெஷினை நம்பி இருக்கும் வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பழனிவேல் பேரும் அதில் உண்டு. ஆனால் ஊர் பாதி இருண்டு கிடக்கும்போது பேர் இருந்து என்ன, கம்பம் நிமிர்ந்தால்தானே.

காலையில் வீடு பழையபடி குளிர்ந்து கிடந்தது. பெரிய சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. தீக்குச்சி கிழித்தால் சூடு வரும் எந்தப் பொருளும் அந்த வீட்டில் இப்போது இல்லை. ஒரு வாய் வெந்நீர் வைக்க வழியில்லை. பங்கஜம் போனை எடுத்தாள். சுரேகாவை அழைக்கவா, ஆம்புலன்ஸை அழைக்கவா என்று நின்றபோது பழனிவேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"காடிலே சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"முக்கால்வாசி இருக்கும். ராத்திரி போடலாம்னு இருந்தேன்."

"கராஜ் அலமாரிலே கீழ்த்தட்டுலே ஒரு இன்வர்ட்டர் கிடக்கும். மீன் பிடிக்கப் போறப்போ வேன்லே வெச்சிருப்பேனே, அது. என்னைக் கீழ கூட்டிட்டுப் போ."

படி இறங்க வெகுநேரம் ஆயிற்று. சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு தரம் நின்று, சுவரைப் பிடித்து, உதடு நீலம் பாரிக்கப் பாரிக்க இறங்கினார். காரின் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்தபடி வேலையை ஆரம்பித்தார். அந்தக் காரிலும் மற்ற கார்களைப் போல ஒரு சின்ன பேட்டரி உண்டு. கார் ஓட்டத்தில் இருக்கும்வரை பெரிய பேட்டரி அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன பேட்டரியில் இன்வர்ட்டரை மாட்டினார். பங்கஜம் மெஷினை ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்தாள். பட்டனை அழுத்தினாள். ஜப்பான்காரி ஏதோ சொன்னாள். மெஷின் ஒரு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பழனிவேல் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது அந்த முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று பங்கஜத்துக்கு நினைவில்லை. கை விரலெல்லாம் கிரீஸ். "இதே நம்ம வேனா இருந்தா, மூடின கராஜுலே ஓடவிட்டா பத்து நிமிஷத்துலே ரெண்டு பேரும் காலி," என்றார். "இது சத்தமும் இல்லே, புகையும் இல்லே. பரவால்லே லா இந்தக் காடி."

மேலே குளிர் அதிகம் என்பதால் காரிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்து, இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டாள். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சுரேகாவின் அழைப்பு வந்தது. அவள் செய்தியில் பார்த்துவிட்டு விடிந்ததிலிருந்து முயன்றுகொண்டிருந்தாளாம்.

"ம்மா, ஏன் இன்னும் வீட்டுலே இருக்கீங்க? ஹாஸ்பிடல் போங்க. ஜஸ்ட் கோ."

பழனிவேல் போனை வாங்கிக்கொண்டார். குரலைக் கூட்டி, இடையில் மூச்சு வாங்குவது தெரியாமல், இன்வர்ட்டர் மாட்டிய கதையைச் சொன்னார். "நீதான் அழுது அழுது வாங்க வெச்சே. இப்போ பாரு, அப்பாவுக்கு அதுதான் மூச்சு விடுது. ஒண்ணும் கவலைப்படாதே." சுரேகா மறுமுனையில் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள் என்று பங்கஜம் நினைத்தாள்.

மதியத்துக்கு மேல் குலசிங்கம் முன்வாசல் கதவைத் தட்டினார். தெருமுனையில் டெய்ரி என்கிற சின்ன மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் பால் வாங்கும் பழக்கம். கடையின் ஃப்ரீஸரெல்லாம் உருகி ஓடுவதால், வீணாகப் போகும் பொருள்களைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, மரத்தை வெட்டி ஒரு பக்கம் திறந்திட்டினம். கார் போகலாம். ஆனா கரண்ட் எப்ப வருமெண்டு ஒருத்தரும் சொல்லீனமில்லை. அண்ணை சுகமா?"

"இருக்கார். மெஷின் ஓடுது."

"எதுவெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ. என்ர வான் வாசல்லதான் நிக்குது."

அவர் போனதும் பங்கஜம் கராஜுக்கு இறங்கி, கார்க் கதவைத் திறந்து குனிந்தாள். "ரோடு திறந்தாச்சாம். போயிரலாம்ங்க. அங்க கரண்ட் இருக்கும், படுக்கை இருக்கும்."

"இங்க என்னா இல்லே?"

"சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"பாதிக்கு மேல இருக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓடும். அதுக்கப்பறமும் ஓட்டிட்டுப் போக மிச்சம் இருக்கும். நான் பாத்துக்க மாட்டேனா?"

டாஷ்போர்டின் மேல் அவருடைய துண்டு தொங்கியது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று காலையிலேயே போட்டிருந்தார். அவள் கையை நீட்டித் துண்டை விலக்கியிருக்கலாம். தினமும் அவள் ஓட்டும் கார்தான். அவள் விலக்கவில்லை. நாற்பது வருடமாக வண்டிகளோடு வாழ்ந்த மனிதர் சொல்கிறார், நம்பினாள். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் பின்னால்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. மறுபடியும் அந்த வார்டு, அந்தத் திரை, கட்டில் பக்கத்தில் காத்துக் கிடக்கும் அந்த நாற்காலி என்று நினைக்கவே அவளுக்கும் உடம்பு கூசியது. கேட்டதோடு விட்டுவிடுவது அவளுக்கும் வசதியாக இருந்தது.

அன்றைக்கு இருவரும் நிறையப் பேசினார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். குலசிங்கம் கொடுத்தது, உருகிப் பாலாகியிருந்தது. சுரேகா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தமிழில் பேசிவிட்டு அழுதுகொண்டே வந்ததைச் சொல்லி அவர் சிரித்தார். ஹெண்டர்சன் ஒர்க்‌ஷாப்பில் தன் பெயர் வாயில் நுழையாமல் 'பால்' என்று ஆங்கிலப் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்களைப் பற்றிச் சொன்னார்; கடைசி நாள் கேக்கிலும் பால் என்றுதான் எழுதியிருந்தார்களாம். "உனக்கு நான் ஒண்ணும் பெருசா செய்யலே, பங்கஜம்," என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லும் முன் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டியபோதும் கரண்ட் வரவில்லை. மெஷின் அவள் காதுக்குத் தாலாட்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கண் மூடாதவள் பக்கத்து சீட்டிலேயே தூங்கிப்போனாள்.

மெஷினின் கத்தல்தான் அவளை எழுப்பியது. கராஜ் கதவின் கீழ் இடுக்கில் வெளுத்திருந்தது. காரில் ஒரு விளக்கும் இல்லை. பட்டனை அழுத்தினாள், ஜப்பான்காரி பேசவில்லை. துண்டை இழுத்தெறிந்தாள். கண்ணாடி கறுப்பாக, ஒன்றுமில்லாமல் இருந்தது.

கை தானாகச் சின்ன சிலிண்டரை எடுத்தது. குழாயை மாற்றித் திறந்தாள். அதன் பிறகுதான் அவரைப் பார்த்தாள். அவர் விழித்திருந்தார். வெகுநேரமாக விழித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"பாதிக்கு மேல இருக்குன்னீங்க."

"சொன்னேன்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

அவர் ஆமென்று தலையை அசைத்தார். பேசுவதற்கு மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. "அங்க போனா... திரும்ப மாட்டேன். அந்தத் திரைக்குப் பின்னால... வேணாம். நீ பக்கத்துல இரு. கொஞ்ச நேரம்தான். கையைக் குடு."

அவர் கை நீண்டது. விரல் நகங்களில் கிரீஸும் நீலமும் கலந்திருந்தன. பங்கஜம் அந்தக் கையைப் பிடித்தாள். வேலையில் எத்தனையோ பேருக்கு இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுடைய பிள்ளைகள் வந்து சேராதபோது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் மூச்சு எப்படி மாறும், இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி எப்படி நீளும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார முடியும் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் தொண்டை ஒரு தரம் கேவியது. கண்கள் அகன்றன. அவருக்கே பயம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அல்லது அவளுடைய பயம்தான் அங்கே தெரிந்ததோ என்னவோ. கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"பங்கஜம்," என்றார். கெஞ்சலாக இருந்தது.

கராஜ் கதவு மோட்டாரில் ஏறுவது. கரண்ட் இல்லாமல் ஏறவில்லை. போன் நினைவே வராமல் வீட்டுக்குள் ஓடி, முன்வாசல் வழியாக, செருப்பில்லாமல் சரிவில் இறங்கி ஓடினாள். குலசிங்கம் கடை வாசலில் நின்று அழுகிய காய்கறிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டார். "ஏறுங்கோ அக்கா," என்று வேனைக் கிளப்பினார். ஆம்புலன்ஸுக்கு அவரே பேசினார். வரும், ஆனால் ஊர் முழுக்க இப்படித்தான் கிடக்கிறது என்றார்கள். கராஜ் கதவின் கயிற்றை இழுத்து விடுவித்து, இருவருமாகத் தூக்கிப் பழனிவேலை வேனில் ஏற்றியபோது அவருக்கு நினைவு இருந்தது. வழியெல்லாம் அவர் பங்கஜத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் நன்றாகத்தான் கவனித்தார்கள். முகமூடி போட்டார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் உதட்டின் நீலம் குறைந்தது. தனி அறைதான் கொடுத்தார்கள், திரை இல்லை. ஆனாலும் டாக்டர் பங்கஜத்தை வெளியே கூப்பிட்டு மெதுவாகப் பேசிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. சுரேகா மறுநாள் விமானத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியதும் பழனிவேல் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"காடிலே சார்ஜ் போட்டியா?"

"இப்போ அதுவா முக்கியம்?"

"சுத்தமா காலியாக்கி வெச்சா பேட்டரி செத்துரும். அப்பறம் எதுக்கும் ஆகாது. போய்ப் போட்டுட்டு வா. கரண்ட் வந்திருச்சாம், நர்ஸ் சொன்னா."

"நாளைக்குப் போடலாம்."

"இன்னிக்கே போடு." முகமூடியை அவரே சரி செய்துகொண்டார். பிறகு கையை உயர்த்தி, வேலைக்கு அனுப்பும்போது ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். கோபம் போய்விட்டது என்று பங்கஜம் நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகை வந்தது. போய்விட்டு உடனே வந்துவிடலாம், அவருக்கு மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

கரண்ட் வந்திருந்தது. ஹீட் பம்ப் தானாகவே ஓடத் தொடங்கி, ஆளில்லாத வீடு முழுவதும் இதமாகச் சூடேறியிருந்தது. ரசம் புளித்துப்போய் அடுப்பிலேயே இருந்தது. கராஜுக்கு இறங்கி, இன்வர்ட்டர் ஒயர்களைக் கழற்றினாள். சின்ன பேட்டரியும் செத்துக் கிடந்ததால் கார் முதலில் எதற்கும் அசையவில்லை. அவருடைய பழைய பேட்டரி சார்ஜரைத் தேடி எடுத்து, அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு மாட்டிவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் பெரிய பேட்டரிக்கான ஒயரைச் செருகினாள். நீல விளக்கு சிமிட்டியது. ஜப்பான்காரி பேசினாள். அப்போதுதான் போன் அடித்தது. மருத்துவமனை எண்.

அவர் சொல்லித்தான் முகமூடியைக் கழற்றினார்களா, தூக்கத்திலேயே போனாரா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்று பங்கஜம் கேட்டாள். அமைதியாகப் போனார் என்றார்கள். அவளும் வேலையில் குடும்பத்தாரிடம் அதைத்தான் சொல்வாள். தன்னைத் தெரிந்தே அனுப்பினாரா, அல்லது காரைப் பற்றித்தான் உண்மையாகவே கவலைப்பட்டாரா என்பது அவளுக்கு இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை. இரண்டுமே அவருக்குப் பொருந்தும்.

மனுகாவில் தகனம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சுரேகா சமையலறையில் அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்தது முதல் அவள் அழவில்லை.

"ம்மா, ஒண்ணு கேக்கறேன். புதன்கிழமை மத்தியானமே ரோடு திறந்துருச்சாம். குலசிங்கம் அங்கிள் சொன்னார். அப்போ காடிலே சார்ஜ் இருந்திருக்கும். ஏன் போகலே?"

அப்பா பொய் சொன்னார் என்ற வார்த்தை பங்கஜத்தின் நாக்கில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவள் மேல் குற்றமில்லை. ஆனால் அந்தக் காலை போனில் அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் மகளுக்கு வேறாக மாறிவிடும். தான் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்த காரில்தான் அப்பா சாகப் பார்த்தார் என்று இந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

"சார்ஜ் இருக்குன்னு நினைச்சேன்," என்றாள் பங்கஜம். "நான் பாக்கலே."

"பாக்கலேயா? முழு நாளும் அதுலேயே உக்காந்திருந்தீங்க!"

"பாக்கலே."

சுரேகா அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த கோபத்தைப் பங்கஜம் தாங்கிக்கொண்டாள். அந்தக் கோபம் மெல்ல அடங்கி, வயதானவர்களிடம் இனி எதையும் நம்பி விட முடியாது என்ற களைப்பாக மாறியது. அதைத்தான் தாங்க முடியவில்லை. முதியோர் இல்லத்துக்கு வரும் பிள்ளைகள் தங்கள் பெற்றோரைப் பார்க்கும் பார்வை அது.

"யூ ஷுட் ஹாவ் லுக்ட், ம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால்தான் அழுதாள். பங்கஜம் போகலாமா என்று எழுந்து, போகாமல் உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் சுரேகா கிறைஸ்ட்சர்ச்சுக்குத் திரும்பினாள். ஆக்சிஜன் மெஷினை மருத்துவமனை ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பங்கஜம் வேலைக்குத் திரும்பினாள். விடியுமுன் அவள் கார் சத்தமில்லாமல் சரிவில் இறங்கும். எழுப்பிவிடக் கூடாதே என்று பயப்பட வேண்டிய ஆள் மேலே இல்லை. வேலையில், கூட இருக்கச் சொல்லிக் கிழவர்கள் கையைப் பிடித்துக் கேட்டால் அவள் இப்போது சரி என்று சொல்வதில்லை. வாக்குக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

சுரேகா தினமும் சாயங்காலம் அழைக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கும் முன், சின்னப் பிள்ளையிடம் கேட்பதைப் போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறாள்.

"ம்மா, காடிக்குச் சார்ஜ் போட்டீங்களா? போய்ப் பாத்தீங்களா?"

"போட்டுட்டேன்," என்கிறாள் பங்கஜம். "பாத்தேன்."